மிகைநேர ஊதியக் கணக்கு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. உழவனுக்கு அது பொருந்தலாம். அவன் மழையையும் மண்ணையும் நம்பிப் பாடுபடுகிறவன். கணக்குப் பார்க்கத் தொடங்கினால் ஏரைத் தூக்கி எறிந்துவிடுவான். ஆனால் கூலிக்கு உழைப்பவன் செய்தி வேறு. அவன் கணக்குப் பாராவிட்டால்தான் உழக்கும் மிஞ்சாது. உழைக்கும் நேரத்தை மற்றொருவருக்கு விற்பவன், எத்தனை மணி விற்றோம், என்ன விலைக்கு விற்றோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். வாங்குகிறவரும் அவ்வாறே அறிந்திருந்தால் இருவருக்கும் நடுவே மனத்தாங்கலுக்கு இடமில்லை. இந்தக் கணக்கில் பெரும்பாலோர் தடுமாறும் ஒரு பகுதியைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அது மிகைநேர ஊதியம். வழக்கில் ஓவர்டைம் என்று நாம் சொல்வது.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கணக்கைத் தவறாகப் போட்டவன் நான். அதுவே என் தகுதி.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், இந்தத் திருவனந்தபுரம் நகரில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. அங்கே பதினொருவர் வேலை செய்தனர். அவர்களுள் மூத்தவர் எல்லைக்கு அப்பால், கல்குளம் பகுதியிலிருந்து வந்தவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். ஓணம் நெருங்கினால் கடை இரவு வெகுநேரம் திறந்திருக்கும். அவ்வாண்டு அந்த மாதத்தில் அண்ணாச்சி முப்பது மணி நேரம் மிகையாக உழைத்திருந்தார். அவருடைய மாத ஊதியம் 520 ரூபாய். நான் அதை 30 நாளால் வகுத்து, பின்பு எட்டு மணியால் வகுத்து, அதனை இரட்டித்து, முப்பது மணிக்கு 130 ரூபாய் என்று எழுதிக் கையில் கொடுத்தேன்.

அவர் பணத்தை எண்ணிப் பார்த்தார். கோபப்படவில்லை. "தம்பி, நான் மாதத்திலே எத்தனை நாள் வேலை செய்கிறேன்?" என்று கேட்டார்.

"இருபத்தாறு நாள், அண்ணாச்சி. வாரம் ஒரு நாள் விடுமுறை அல்லவா?" என்றேன்.

"அந்த 520 ரூபாய் இருபத்தாறு நாள் வேலைக்குத்தானே? பின்னே எதற்காக முப்பதால் வகுத்தாய்?" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. எனக்கு முன்பிருந்த கணக்கர் அவ்வாறு செய்தார். அதைப் பார்த்து நானும் செய்தேன். மறுபடியும் கணக்குப் போட்டேன். 520ஐ 26ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய். மணிக்கு இரண்டரை ரூபாய். இரட்டித்தால் ஐந்து. முப்பது மணிக்கு 150 ரூபாய். நான் கொடுத்தது இருபது ரூபாய் குறைவு. அந்த இருபது ரூபாய் என்பது அவருடைய சரியான ஒரு நாள் கூலி. ஒரு மனிதனின் ஒரு நாளை என் பேனா முனை விழுங்கிவிட்டது. வேண்டுமென்று செய்ததன்று, ஆனால் விழுங்கியது விழுங்கியதுதான்.

முதலாளியிடம் சென்று சொன்னேன். அவ்வாண்டின் குறையைப் பதினொருவருக்கும் கொடுத்துவிடச் சம்மதித்தார். முந்திய ஆண்டுகளைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம் என்றார். நான் அங்கே ஆறு ஓணங்களுக்குக் கணக்கெழுதியிருந்தேன். ஐந்து ஓணங்களின் குறை யாருக்கும் போய்ச் சேரவில்லை. அடுத்த ஆண்டே அண்ணாச்சி ஊர் திரும்பிவிட்டார். இன்றும் மிகைநேரம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது: எதற்காக முப்பதால் வகுத்தாய்?

இனிச் சட்டத்துக்கு வருவோம். மிகைநேரத்துக்கு மிகை ஊதியம் என்னும் கொள்கை ஒரே நாளில் பிறந்ததன்று. ஒரு நாளில் எட்டு மணி, ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி என்னும் எல்லையை 1919ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு தன் முதல் உடன்படிக்கையாகவே வகுத்தது. எல்லைக்கு மேற்பட்ட வேலைக்குக் குறைந்தது ஒன்றேகால் பங்கு ஊதியம் என்றும் அது கூறியது. அமெரிக்க நாடு 1938ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒன்றரைப் பங்கு என்று விதித்தது. நம் நாட்டில் 1922இல் வாரத்துக்கு அறுபது மணியாக இருந்த தொழிற்சாலை வேலை, 1934இல் ஐம்பத்து நான்காகக் குறைந்தது. டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த காலத்தில், 1946ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது நாற்பத்தெட்டாயிற்று. விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் இரட்டை ஊதியம் என்று உறுதி செய்தது.

ஏன் இரட்டை? இதனைப் பலர் தொழிலாளிக்கு அளிக்கும் சலுகை என்று கருதுகின்றனர். அப்படியன்று. ஒன்பதாவது மணியில் உழைப்பவனின் உடல் முதல் மணியில் இருந்த உடலன்று. அந்த மணி அவன் உறக்கத்திலிருந்தும், பிள்ளைகளோடு இருக்கும் பொழுதிலிருந்தும் எடுக்கப்படுவது. ஆதலின் அதன் விலை ஏறுகிறது. மேலும், விலை ஏறினால்தான் முதலாளி நீண்ட நேரம் வேலை வாங்கத் தயங்குவார். ஒருவரை வருத்துவதற்கு மாறாக இன்னொருவருக்கு வேலை கொடுக்க எண்ணுவார். இரட்டை ஊதியம் ஒரு கூலி மட்டுமன்று; ஒரு தடுப்புச் சுவரும் ஆகும்.

அந்தச் சுவரை அண்மையில் ஒரு மாநிலம் இறக்கிப் பார்த்தது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றைக் காரணமாகக் காட்டி, குஜராத் அரசு தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி வேலைக்கு அனுமதி தந்தது. மிகை நேரத்துக்கு இரட்டை ஊதியம் வேண்டா, வழக்கமான விகிதமே போதும் என்றும் அறிவித்தது. தொழிலாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. 2020 அக்டோபர் 1ஆம் நாள் நீதிமன்றம் அந்த அறிவிப்பை நீக்கியதோடு, இடைப்பட்ட காலத்துக்கு மிகைநேர ஊதியத்தைச் சட்டப்படி கொடுக்கவும் ஆணையிட்டது. நோய் வந்தாலும் கணக்கு மாறாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இன்று தனியே நிற்கவில்லை. பல தொழிற்சட்டங்களைத் திரட்டி நாடாளுமன்றம் நான்கு தொகுப்புகளாக இயற்றியது. அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியத் தொகுப்பும், பணிப் பாதுகாப்பு மற்றும் பணிநிலைத் தொகுப்பும் நம் பொருளுக்கு உரியவை. இரட்டை ஊதியம் என்னும் விதி அவற்றிலும் அப்படியே நிற்கிறது. தொழிலாளியின் இசைவு பெற்றே மிகை நேர வேலை வாங்க வேண்டும் என்பதும் சேர்ந்துள்ளது. கடைகளைப் பொறுத்தவரை மாநிலச் சட்டங்கள் தொடர்கின்றன. கேரளத்தில் 1960ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் வாணிப நிறுவனங்கள் சட்டம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டுச் சட்டம். நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி, அதற்கு மேல் இரட்டை ஊதியம் என்பதில் இரண்டும் ஒன்றே. 1956இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அப்பக்கம் சென்றபோது எல்லைக்கோடு மாறியது. எட்டு மணி மாறவில்லை.

இப்போது கணக்கைப் போடுவோம். எழுதுகோலும் தாளும் அருகில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதற்படி மணிகளை எண்ணுதல். சாலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் வளர்ந்த அந்தப் பழைய அங்காடியில் தமிழ் பேசும் வணிகரும் பணியாளரும் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றனர். அக்கடையில் ஒருவர் காலை 9 மணிக்கு வந்து இரவு 7 மணிக்குச் செல்கிறார். நடுவே ஒரு மணி நேரம் உணவுக்கும் ஓய்வுக்கும். இருந்தது பத்து மணி; உழைத்தது ஒன்பது மணி. எல்லை எட்டு. ஆகவே அன்று ஒரு மணி மிகைநேரம். ஓய்வு நேரத்தை வேலையில் சேர்க்கலாகாது என்பது சரியே. ஆனால் அந்த ஓய்வு உண்மையான ஓய்வாக இருத்தல் வேண்டும். உணவுப் பொட்டலத்தைப் பிரித்தவுடன், "இந்தச் சேலையை எடுத்துக் காட்டு" என்று அழைத்தால் அது ஓய்வாகாது. ஏட்டில் மட்டும் இருக்கும் ஓய்வு ஏட்டுச் சுரைக்காயே.

அடுத்து, நாளையும் வாரத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒருவர் திங்களன்று 10 மணி, செவ்வாயும் புதனும் 8 மணி, வியாழனன்று 10 மணி, வெள்ளியும் சனியும் 6 மணி வேலை செய்தார் என்று கொள்வோம். கூட்டினால் 48. "வாரத்தில் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லையே, ஆகவே மிகைநேரம் இல்லை" என்று சொல்லும் கணக்கர் உண்டு. அது பிழை. நாளெல்லை வேறு, வார எல்லை வேறு. இரண்டில் எதைத் தாண்டினாலும் மிகைநேரமே. திங்களன்று இரண்டு மணி, வியாழனன்று இரண்டு மணி, ஆக நான்கு மணி மிகைநேரம் உண்டு. வெள்ளியன்று குறைந்த வேலையைக் கொண்டு திங்களின் களைப்பை ஈடு செய்ய முடியாது. அதேபோல, நாளெல்லையைத் தாண்டியதற்காக ஏற்கெனவே எண்ணிய மணியை வாரக் கணக்கிலும் மறுபடி எண்ணுதல் தொழிலாளி செய்யும் பிழை. ஒரு மணியை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

ஊர்தித் தொழிலாளருக்கு இந்த எண்ணும் வேலை இன்னும் நுட்பமானது. பேருந்து ஓட்டுநர் ஓட்டும் நேரம் மட்டும் வேலை நேரமா? நிலையத்தில் அடுத்த பயணத்துக்காகக் காத்திருக்கும் நேரம் என்னாவது? 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இதற்கு ஒரு விடை கூறியிருந்தது. வண்டி ஓடும் நேரமும், அதற்குத் துணையான வேலைகளும், முனையங்களில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரத்தில் சேரும் என்றது. வேலை எட்டு மணி. இடைவேளைகளையும் கூட்டி முதலிலிருந்து முடிவு வரை பன்னிரண்டு மணிக்குள் என்றும் வகுத்தது. இந்தப் பன்னிரண்டுக்கும் எட்டுக்கும் உள்ள வேறுபாடே நம் மாவட்டத்தில் பெரும் விவாதமாயிற்று. 2022 அக்டோபர் 1 முதல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் பாறசாலைப் பணிமனையில் ஒற்றைப் பணிமுறையைத் தொடங்கியபோது, நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் வழக்காடிய பொருள் இதுதான்: பணிமனையைச் சுற்றிக் கழியும் பொழுதில் எது வேலை, எது ஓய்வு? ஊதியக் கணக்கின் முதற் சண்டை ரூபாயைப் பற்றியதன்று. மணியைப் பற்றியதே என்பதை இதனால் உணரலாம்.

இரண்டாம் படி, ஒரு மணியின் விலையைக் காணல். நம் துணிக்கடைப் பணியாளருக்கு அடிப்படை ஊதியம் 10,400 ரூபாய்; அகவிலைப்படி 7,800 ரூபாய்; இரண்டும் சேர்ந்து 18,200 என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக நான் எடுத்த எண்கள். இதை 26ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 700 ரூபாய். எட்டால் வகுத்தால் மணிக்கு 87 ரூபாய் 50 காசு. மூன்றாம் படி, இரட்டித்தல். மிகைநேரத்தின் ஒரு மணி 175 ரூபாய். அம்மாதத்தில் அவர் பதினான்கு மணி மிகையாக உழைத்திருந்தால் அவருக்கு வர வேண்டியது 2,450 ரூபாய். கணக்கு இவ்வளவே.

எளிதான இக்கணக்கில் பிழைகள் எங்கே புகுகின்றன? மூன்று வாயில்கள் உண்டு.

முதல் வாயில், அடிப்படை ஊதியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அகவிலைப்படியை விட்டுவிடுதல். அப்படிச் செய்தால் மணிக்கு 100 ரூபாய்தான் வரும். பதினான்கு மணிக்கு 1,400. தொழிலாளி 1,050 ரூபாயை இழக்கிறார். அகவிலைப்படி என்பது பரிசன்று. விலைவாசி உயர்ந்ததால் ஊதியத்தில் விழுந்த ஓட்டையை அடைக்கும் பஞ்சு. அதுவும் ஊதியமே. இரண்டாம் வாயில், நான் புகுந்த வாயில்: 26க்கு மாறாக 30ஆல் வகுத்தல். இதனால் 2,450க்கு மாறாக 2,123 ரூபாய் 33 காசு கிடைக்கும். இழப்பு 326 ரூபாய் 67 காசு. வார விடுமுறைகளை நீக்கினால் மாதத்தின் வேலை நாள் 26 என்பது நம் நாட்டுச் சட்ட வழக்கு. பணிக்கொடைக்குப் பதினைந்து நாள் ஊதியம் காணும்போதும் மாத ஊதியத்தை 26ஆல்தான் வகுக்கிறார்கள். மூன்றாம் வாயில், இரட்டிக்க மறத்தல். அப்போது பாதியாகிய 1,225தான் கிடைக்கும்.

மூன்று வாயிலிலும் ஒருவரே புகுந்தால் என்னாகும்? அடிப்படை ஊதியம் மட்டும், முப்பதால் வகுத்து, இரட்டிக்காமல் கொடுத்தால், பதினான்கு மணிக்கு 606 ரூபாய் 67 காசு. வர வேண்டிய 2,450இல் அது நாலில் ஒரு பங்கு. இப்படியும் கொடுக்கிறார்கள், வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்கிறார்கள். அதுதான் வருந்தத்தக்கது.

எவை சேரும், எவை சேரா என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓணத்துக்குக் கொடுக்கும் போனஸ் சேராது. முன்பு பெற்ற மிகைநேர ஊதியமும் சேராது. சேர்த்தால் மிகைக்கு மிகை என்று வட்டிக்கு வட்டியாகிவிடும். வீட்டு வாடகைப் படி சேருமா என்பது நெடுங்காலம் நீதிமன்றங்களில் வழக்காடப்பட்ட பொருள். இப்போதைய ஊதியத் தொகுப்பு ஒரு வரம்பு கட்டியுள்ளது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் ஊதியம். வாடகைப் படி, பயணப் படி போன்றவை புறம்பானவை. ஆனால் புறம்பானவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கருதப்படும். சான்றாக, ஒருவருக்கு மொத்தம் 20,000 ரூபாய். அதில் அடிப்படையும் அகவிலையும் 8,000 மட்டும், படிகள் 12,000 என்றால், பாதியாகிய 10,000ஐத் தாண்டிய 2,000 ரூபாய் ஊதியத்தோடு சேரும். கணக்குக்கு எடுக்க வேண்டியது 10,000. அடிப்படையைச் சுருக்கிப் படிகளைப் பெருக்கி மிகைநேரச் செலவைக் குறைக்கும் தந்திரத்துக்கு இது ஒரு கடிவாளம்.

மற்றொரு மயக்கமும் உண்டு. அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை இரட்டித்தால் போதும் என்று சிலர் வாதிப்பர். நாகபுரியிலிருந்து வந்த வழக்கொன்றில் 1972ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இவ்வாதத்தை மறுத்தது. இரட்டிக்க வேண்டியது தொழிலாளி உண்மையில் பெறும் ஊதியத்தையே அன்றி, குறைந்தபட்சத்தை அன்று என்று கூறியது. குறைந்தபட்சம் என்பது கீழே விழாமல் காக்கும் தரை. அளக்கும் கோலாக அதைப் பயன்படுத்தலாகாது.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். மிகைநேரப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். மாத முடிவில் நினைவிலிருந்து எழுதும் ஏடு எவருக்கும் சான்றாகாது. ஊதியம் கொடுக்கவில்லை, அல்லது குறைத்துக் கொடுத்தார் என்று வழக்கு வந்தால், கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையதே என்று புதிய தொகுப்பு சொல்கிறது. நேர்மையான கடைக்காரருக்கு நல்ல பதிவேட்டைவிடச் சிறந்த வழக்கறிஞர் இல்லை.

தொழிலாளர்களுக்குச் சொல்ல விரும்புவதும் அதுவே. ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். நாள், வந்த நேரம், ஓய்வு, சென்ற நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு நாளும் குறியுங்கள். ஊதியச் சீட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். குறை கண்டால் முதலில் கணக்கரிடம் கேளுங்கள். அண்ணாச்சி என்னிடம் கேட்டது போல் அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலான பிழைகள் அங்கேயே தீரும். தீராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். ஊதியத் தொகுப்பின்படி மூன்றாண்டுக்குள் முறையிடலாம். முன்பிருந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் ஆறு மாதமே கெடுவாக இருந்தது. அந்நாளில் மூன்றாண்டு என்றிருந்தால், அந்த ஐந்து ஓணங்களில் சிலவற்றையேனும் மீட்டிருக்கலாமோ என்று நான் எண்ணுவதுண்டு.

கணக்கர்களே, இறுதியாக உங்களிடம் ஒன்று. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே இருப்பவர் நீங்கள். உங்களுக்கு முன்பிருந்தவர் எழுதியபடியே எழுதிக்கொண்டு போவது எளிது. ஒரு மாதமேனும் பழைய ஏட்டை மூடி வைத்துவிட்டு, புதுத்தாளில் முதலிலிருந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். வகுக்கும் எண் எது, ஏன் அந்த எண் என்று உங்களையே கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அறிந்தவரைக் கேளுங்கள். ஓணக் கூட்டம் கலைந்து, விளக்குகள் அணைந்த பின்பு, கடைசிப் பேருந்துக்காக ஓடும் ஒருவருடைய ஒரு நாள் கூலி உங்கள் பேனா முனையில் நிற்கிறது.